ஹேண்டில்பார் சுவிட்ச் மூடிகளை நீங்களே மாற்றுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

மோட்டார் சைக்கிளில் நம் கட்டைவிரல் ஓயாமல் தேய்த்துக்கொண்டே இருக்கும் இடம் ஹேண்டில்பார் சுவிட்சுகள். வெயிலும் மழையும் வியர்வையும் சேர்ந்து முதலில் அவற்றின் மேல் உள்ள படங்களை அழிக்கும். அப்புறம் நிறம் வெளுக்கும். கடைசியில் பிளாஸ்டிக்கே நொறுங்க ஆரம்பிக்கும். இண்டிகேட்டர் நாப் உடைந்து கூர்மையான முனை மட்டும் நிற்கும். ஹாரன் பட்டன் அமுங்கினால் எழுந்து வராது.

இந்த நிலைக்கு வந்ததும் பலர் முழு சுவிட்ச் செட்டையே மாற்றிவிடுகிறார்கள். பெரும்பாலும் அதற்கு அவசியமே இல்லை. வண்டியோடு வந்த சுவிட்சின் வயர்களும், அவற்றை இணைக்கும் கப்ளர்களும் அந்த வண்டிக்கென்றே அளவெடுத்துச் செய்தவை. மாற்றாகக் கிடைக்கும் மலிவான செட்டில் வயர் மெலிதாக இருக்கலாம், கப்ளர் பொருந்தாமல் வெட்டி ஒட்ட வேண்டி வரலாம். உள்ளே எல்லாம் நன்றாக இருந்து, விரல் படும் பிளாஸ்டிக் மூடி மட்டும் போயிருந்தால், மூடியை மட்டும் மாற்றுவதே சரி. நிதானமாகச் செய்தால் ஒரு மாலைப் பொழுதில் முடியும்.

ஒரே ஒரு விஷயம் மட்டும் முக்கியம். மூடி எப்படிப் பிடித்திருக்கிறது என்று தெரியாமல் அதை இழுக்கக் கூடாது. இந்த வேலையில் உடைகிற பாகங்களில் பெரும்பாலானவை அப்படி இழுத்து உடைந்தவைதான்.

முதலில், கோளாறு மூடியில்தானா?

சாவியை ஆன் செய்து ஒவ்வொரு சுவிட்சையும் மெதுவாக இயக்கிப் பாருங்கள். மூடி ஆடுகிறது அல்லது உடைந்திருக்கிறது, ஆனால் விளக்கும் ஹாரனும் ஒழுங்காக வேலை செய்கின்றன என்றால் மூடி மட்டும் போதும். மூடி உறுதியாக இருக்கிறது, ஆனால் விளக்கு விட்டு விட்டு எரிகிறது என்றால் பெரும்பாலும் உள்ளே தொடுமுனைகளில் (மின்சாரம் பாய ஒன்றையொன்று தொடும் உலோக முனைகளில்) களிம்பு ஏறியிருக்கிறது. மூடியை மாற்றிப் பயனில்லை, சுத்தம் செய்ய வேண்டும். நாப் நகரவே கஷ்டப்படுகிறது என்றால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். பழைய கிரீஸ் காய்ந்து பிசினாகியிருக்கலாம், அல்லது உள்ளே பிளாஸ்டிக் சூட்டில் இளகி வடிவம் மாறியிருக்கலாம்.

இந்த இரண்டாவது காரணம் ஹெட்லைட் சுவிட்சில் அதிகம். ரிலே (சின்ன மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் மின் சுவிட்ச்) இல்லாத பழைய வண்டிகளில் பல்பு எடுக்கும் முழு மின்னோட்டமும் இந்தச் சின்ன சுவிட்ச் வழியாகவே போகிறது. 12 வோல்ட்டில் 55 வாட் பல்பு என்றால் ஏறக்குறைய 4.6 ஆம்பியர். தொடுமுனை கறுத்துத் தடை கூடினால் அங்கே சூடேறும், சுற்றியுள்ள பிளாஸ்டிக் இளகும். அப்படி உருகிய சுவிட்சில் புது மூடி மாட்டாதீர்கள். அந்த சுவிட்சையே மாற்ற வேண்டும். செல்ஃப் பட்டனுக்கு இந்தத் தொல்லை குறைவு. அது ரிலேயை மட்டும்தான் இயக்குகிறது, ஸ்டார்ட்டர் மோட்டாரின் பெரிய மின்னோட்டம் அதன் வழியே வருவதில்லை.

மூடி எப்படிப் பிடித்திருக்கிறது

வேலையின் பாதி இதைக் கண்டுபிடிப்பதுதான். எளிய வகையில் மூடியின் உட்புறம் இரண்டு சிறிய கொக்கிகள் இருக்கும். அவை உள்ளேயிருந்து வரும் தண்டைக் கவ்விக்கொள்ளும். ஹாரன், செல்ஃப் பட்டன்கள் பலவற்றில் இப்படி. ஹார்லி டேவிட்சன் வண்டிகள் பலவற்றில் இந்த வகை மூடியை வெளியிலிருந்தே நெம்பி எடுத்துவிடலாம்.

அடுத்தது, உள்ளிருந்து ஒரு மிகச் சிறிய ஸ்க்ரூ பிடித்திருக்கும் வகை. இண்டிகேட்டர் நாப்பிலும், ஹெட்லைட்டை உயர்த்தித் தாழ்த்தும் டிப்பர் நாப்பிலும் இதைப் பார்க்கலாம். வெளியே எந்த அடையாளமும் தெரியாது. இதை வெளியிலிருந்து இழுத்தால் ஸ்க்ரூ அப்படியே நிற்கும், பிளாஸ்டிக் பிளந்துகொள்ளும்.

மூன்றாவது வகைதான் பொறுமையைச் சோதிக்கும். இதில் மூடி தனிப் பாகமே அல்ல. உள்ளே வழுக்கி நகரும் கட்டையின் வெளி நுனியைத்தான் நாம் மூடி என்று பார்க்கிறோம். அந்தக் கட்டையை எடுக்க வேண்டுமானால் தொடுமுனைத் தகட்டைக் கழற்ற வேண்டும். அதற்குக் கீழே ஒரு ஸ்பிரிங்கும் சின்ன எஃகுக் குண்டும் இருக்கும். இண்டிகேட்டரை இடது, நடு, வலது என்று நகர்த்தும்போது 'டக்' என்று ஒவ்வொரு இடத்திலும் நிற்பது அந்தக் குண்டு பள்ளத்தில் விழுவதால்தான். கட்டையைத் தூக்கிய மறு நொடி அது பறந்துவிடும்.

என்ஜினை நிறுத்தும் கில் சுவிட்ச் போல இரு பக்கமும் சாய்ந்தாடும் மூடிகள் ஒரு மெல்லிய உலோக ஊசியில் தொங்கலாம். ஊசியின் ஒரு நுனியைத் தள்ளினால் மறு நுனி வழியே வரும்.

உங்கள் வண்டியில் எது என்று தெரிந்துகொள்ள, தயாரிப்பாளரின் உதிரிபாகப் படத்தைப் பாருங்கள். மூடிக்குத் தனி எண் இருந்தால் அது தனியாகக் கழலும் என்று பொருள். முழு சுவிட்சுக்கும் ஒரே எண்தான் என்றால், சுவிட்சுகளை உள்ளே வைத்திருக்கும் வெளிக்கூடான ஹவுசிங்கைத் திறந்து டார்ச் அடித்துப் பார்ப்பதே வழி. இப்போதைய சில வண்டிகளில் ஹவுசிங் முழுவதும் ஒட்டி அடைக்கப்பட்டு, பட்டனுக்குள் விளக்கும் சர்க்யூட் போர்டும் இருக்கும். அவற்றைத் திறக்க முயல வேண்டாம்.

புதிய மூடியைத் தேர்ந்தெடுத்தல்

அசல் மூடி கிடைத்தால் வேறெதையும் பார்க்காதீர்கள். கிடைக்காவிட்டால், அதே சுவிட்ச் உள்ள பழைய வண்டியிலிருந்து கழற்றியதோ, வெளித் தயாரிப்போ வாங்கலாம். வாங்குமுன் பழைய மூடியை வெர்னியர் அளவுகோலால் அளந்துகொள்ளுங்கள்: தண்டு நுழையும் துளையின் நீளம், அகலம், ஆழம், மூடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் உயரம். துளை 0.2 மில்லிமீட்டர் பெரிதாக இருந்தாலே மூடி ஆடும், கொஞ்ச நாளில் கழன்று விழும்.

பலர் தோற்றத்தை மட்டும் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். சுவிட்சைக் கண்ணால் பார்த்து இயக்குபவர் யாருமில்லை. இருட்டில், மழையில், தடித்த கையுறையோடு கட்டைவிரல்தான் அதைத் தேடுகிறது. ஹாரன் கொஞ்சம் குழிந்தும், இண்டிகேட்டர் நாப் முன்னால் துருத்தியும், டிப்பர் தட்டையாகவும் இருப்பது அழகுக்காக இல்லை. ஒன்றை இன்னொன்றிலிருந்து விரல் பிரித்தறிவதற்காக. எல்லாம் ஒரே உருவத்தில் பளபளக்கும் செட்டை மாட்டினால், அவசரத்தில் ஹாரனுக்குப் பதில் இண்டிகேட்டர் விழும். ஹார்லி வண்டிகள் பலவற்றிலும் பழைய பி.எம்.டபிள்யூ வண்டிகள் சிலவற்றிலும் இடது இண்டிகேட்டருக்கு இடக்கையில் ஒரு பட்டன், வலதுக்கு வலக்கையில் ஒரு பட்டன் என்று தனித்தனியாக இருக்கும். அவற்றில் மூடிகள் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் இடதும் வலதும் மாறினால் பொருந்தாமல் போகலாம். கழற்றியதுமே குறித்து வையுங்கள்.

குரோம் பூசிய வழவழப்பான மூடி ஈரக் கையுறையில் வழுக்கும், வெயிலில் கண்ணைக் கூசும். நான் மாட்ட மாட்டேன். பழைய மூடியின் மேலேயே பசையால் ஒட்டும் மெல்லிய மூடிகளும் உண்டு. பழையது உறுதியாக இருந்து நிறம் மட்டும் போயிருந்தால் அவை போதும், ஆனால் மூடியின் உயரம் கூடுகிறது. அமுக்கும்போது விளிம்பு ஹவுசிங்கில் உரசி ஹாரன் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஒட்டுங்கள்.

படங்கள் அழியாமல் இருக்க வேண்டும். ஐ.நா.வின் 60ஆம் எண் வாகன ஒழுங்குமுறை இருசக்கர வாகனக் கட்டுப்பாடுகளுக்கான குறியீடுகளை வரையறுக்கிறது; வேறொருவர் உங்கள் வண்டியை எடுத்தாலும் குழம்பாமல் ஓட்ட முடிவது அதனால்தான். மேலே அச்சடித்த படத்தைவிட, வெட்டிச் செதுக்கி வண்ணம் நிரப்பிய படம் நெடுநாள் நிற்கும்.

3டி பிரிண்டரில் செய்துகொள்பவர்கள் பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கைத் தவிர்க்க வேண்டும். அது ஏறக்குறைய 60 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும். வெயிலில் நிற்கும் வண்டியின் கறுப்புப் பாகங்கள் அந்தச் சூட்டை நெருங்கிவிடும். வெயில் தாங்குவதற்கு ஏ.எஸ்.ஏ. பிளாஸ்டிக் நல்லது.

கையில் இருக்க வேண்டியவை

ஸ்க்ரூ தலைக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், கடிகாரம் பழுதுபார்க்கும் அளவுச் சிறிய ஸ்க்ரூ டிரைவர்கள், பிளாஸ்டிக் நெம்புகோல், சாமணம், மல்டிமீட்டர், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பழைய டூத் பிரஷ், சிலிக்கோன் கிரீஸ், வெள்ளைத் துணி, கிண்ணம் ஒன்று.

ஸ்க்ரூ டிரைவர் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜப்பானிய வண்டிகளின் ஸ்க்ரூக்கள் பார்க்க வழக்கமான ஸ்டார் ஸ்க்ரூவான பிலிப்ஸ் போலவே இருக்கும், ஆனால் ஜே.ஐ.எஸ். என்ற ஜப்பானியத் தரத்தைச் சேர்ந்தவை. தலையில் சின்னப் புள்ளி ஒன்று இருப்பது அடையாளம். பிலிப்ஸ் டிரைவரால் திருப்பினால் அது மேலே ஏறி வழுக்கித் தலையைத் தின்றுவிடும். ஜே.ஐ.எஸ். டிரைவர் ஒன்று வாங்கி வைத்தால் இந்தத் தலைவலியே வராது.

படி 1: வண்டியைத் தயார் செய்தல்

சென்டர் ஸ்டாண்டிலோ, அசையாத ஏதாவது ஆதாரத்திலோ வண்டியை நிறுத்துங்கள். சாவியை எடுத்துவிட்டு பேட்டரியின் நெகட்டிவ் வயரை முதலில் கழற்றுங்கள். பாசிட்டிவ்வை முதலில் கழற்றினால், ஸ்பானர் தவறி ஃபிரேமில் பட்டதுமே தீப்பொறி பறக்கும். டேங்கின் மேல் தடித்த துணி விரியுங்கள். சுவிட்சுக்கு நேர் கீழேயும் வெள்ளைத் துணி விரித்து அதன் ஓரங்களைத் தூக்கிக் கட்டிவிடுங்கள். விழும் குண்டும் ஸ்பிரிங்கும் அதில்தான் கிடைக்கும்.

எதையும் தொடுமுன் எல்லாக் கோணத்திலும் படம் எடுங்கள். வயர் எந்த வழியில் போகிறது என்பதையும் சேர்த்து.

படி 2: ஹவுசிங்கைத் திறத்தல்

ஹவுசிங் இரண்டு பாதிகளாக ஹேண்டில்பாரைக் கவ்வியிருக்கும். பெரும்பாலும் கீழ்ப்பக்கத்திலிருந்து இரண்டு ஸ்க்ரூக்கள். இரண்டும் ஒரே நீளம் என்று எண்ணிவிடாதீர்கள். பல வண்டிகளில் ஒன்று நீளம், ஒன்று குட்டை. மாறிப் போட்டால் நீள ஸ்க்ரூ அடியில் முட்டி ஹவுசிங்கை விரிசல் விட வைக்கும். ஓர் அட்டையில் ஹவுசிங்கின் வடிவத்தை வரைந்து, எடுத்த ஸ்க்ரூவை அதே இடத்தில் குத்தி வையுங்கள்.

ஸ்க்ரூ துருவேறிக் கிடந்தால் வலுவைக் காட்ட வேண்டாம். இறுகிய துருவை இளக்கும் எண்ணெயை ஒரு துளி விட்டுச் சிறிது நேரம் காத்திருந்து, டிரைவரை நன்றாக அழுத்திக்கொண்டு திருப்புங்கள்.

வலது பக்க ஹவுசிங் தனிக் கவனம் கேட்கும். பல வண்டிகளில் ஆக்ஸிலரேட்டர் கேபிள் இதே ஹவுசிங்குக்குள் வந்து கிரிப்பின் பள்ளத்தில் மாட்டியிருக்கும். பாதியைத் தூக்கும்போது கேபிள் நுனி நழுவலாம். இழுக்கும் கேபிள், மூடும் கேபிள் என்று இரண்டு இருந்தால் எது எந்தப் பள்ளத்தில் என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். கேபிளைக் கழற்றாமலே மூடியை எட்ட முடிந்தால் அதைத் தொடவே வேண்டாம்.

ஹவுசிங்கின் உட்புறம் சின்ன முளை ஒன்று ஹேண்டில்பாரின் துளைக்குள் உட்கார்ந்திருக்கும். சுவிட்ச் சுழலாமல் பிடிப்பது அதுதான். ஹேண்டில்பாரை மாற்றியவர்கள் சிலர் துளை போடச் சோம்பிக்கொண்டு முளையை ராவிவிடுகிறார்கள். அப்புறம் ஆக்ஸிலரேட்டரை முறுக்கும்போது ஹவுசிங்கே கூடத் திரும்பும். உங்கள் வண்டியில் அப்படி நேர்ந்திருந்தால் இப்போதே பார்த்துவிடுங்கள்.

படி 3: பழைய மூடியை எடுத்தல்

கவ்வும் வகையென்றால் மூடியின் அடியில் பிளாஸ்டிக் நெம்புகோலை நுழைத்து, ஒரு பக்கமாக மட்டும் தூக்காமல் இரு பக்கமும் மாறி மாறிச் சிறிது சிறிதாகத் தூக்குங்கள். குளிரில் பிளாஸ்டிக் பட்டென்று ஒடியும். முடி உலர்த்தும் கருவியால் லேசாகச் சூடேற்றினால் கொக்கி வளைந்து கொடுக்கும்.

ஸ்க்ரூ வகையென்றால் சுவிட்ச் தொகுதியை ஹவுசிங்கிலிருந்து எடுத்து, பின்புறத்திலிருந்து அந்தச் சிறிய ஸ்க்ரூவைக் கழற்றுங்கள். வயரைப் பிடித்து இழுத்துத் தொகுதியை வெளியே கொண்டுவராதீர்கள். சால்டர் செய்த இணைப்புகள் பழசானால் ஓர் இழுப்பிலேயே விட்டுப்போகும்.

குண்டும் ஸ்பிரிங்கும் உள்ள வகையென்றால், தொகுதியை ஒளி ஊடுருவும் பெரிய பிளாஸ்டிக் பைக்குள் வைத்து, இரண்டு கைகளையும் பைக்குள் விட்டபடியே தகட்டைக் கழற்றுங்கள். பறந்தாலும் பைக்குள்தான் கிடக்கும். குண்டு, ஸ்பிரிங், தொடுமுனைத் தகடு ஆகியவற்றை எடுத்த வரிசையிலேயே இடமிருந்து வலமாக அடுக்கிப் படம் எடுங்கள். தொடுமுனைத் தகட்டில் மேடான புள்ளி எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்பதையும் கவனியுங்கள்; திருப்பிப் போட்டால் சுவிட்ச் நகரும், ஆனால் மின்சாரம் பாயாது.

மூடி உடைந்து, தண்டுக்குள் ஒரு துண்டு சிக்கி நின்றால், சூடாக்கிய ஊசியை அந்தத் துண்டில் குத்தி ஆறவிட்டுப் பிறகு இழுங்கள். பெரும்பாலும் கூடவே வந்துவிடும்.

படி 4: திறந்த கையோடு சுத்தம்

உள்ளே இவ்வளவு தூரம் வந்த பிறகு சுத்தம் செய்யாமல் மூடக் கூடாது. செம்புத் தொடுமுனைகளில் பச்சைக் களிம்பும் கறுப்புப் படலமும் இருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பிரஷால் தேயுங்கள். போகாத கறுப்பைச் சாதாரண அழிரப்பரால் தேய்த்தால் போய்விடும். உப்புத்தாள் வேண்டாம், அது மேல்பூச்சைச் சுரண்டிவிடும்.

பெட்ரோலையும் பிரேக் கிளீனரையும் கிட்டவே கொண்டுவராதீர்கள். ஏ.பி.எஸ்., பாலிகார்பனேட் போன்ற பிளாஸ்டிக்குகளில் அவை நுண்விரிசல் விட வைக்கும். அன்றைக்குத் தெரியாது, சில வாரங்களில் ஹவுசிங் தானாகப் பிளக்கும். டபிள்யூ.டி. 40 ஸ்ப்ரே ஈரத்தை விரட்டும், ஆனால் கிரீஸின் வேலையைச் செய்யாது. அடித்தால் துடைத்துவிட்டு, வழுக்கும் பாகங்களுக்கு சிலிக்கோன் கிரீஸை மெல்லியதாகப் பூசுங்கள். அப்பி வைத்தால் தூசி சேர்ந்து சேறாகும்.

படி 5: புதிய மூடியைப் பொருத்துதல்

முதலில் சும்மா வைத்துப் பாருங்கள். தண்டில் நேராக உட்காருகிறதா, ஹவுசிங்கின் சன்னல் விளிம்பில் எங்காவது உரசுகிறதா? உரசினால் மூடியின் ஓரத்தை மட்டும் மிக நுண்ணிய உப்புத்தாளால் இரண்டு இழுப்பு தேய்த்து மறுபடி பாருங்கள். ஹவுசிங்கைத் தேய்க்காதீர்கள்.

கவ்வும் மூடியை வெந்நீரில் ஒரு நிமிடம் போட்டு, துடைத்து, சூடு ஆறுமுன் நேராக அழுத்துங்கள். 'கிளிக்' என்று கேட்கும். சாய்வாக அழுத்தினால் ஒரு கொக்கிதான் மாட்டும்; கையில் அது சரியாக இருப்பதுபோலவே தோன்றும், ஆனால் வண்டி ஓடும்போது மூடி விழுந்துவிடும்.

குண்டு வகையில் ஸ்பிரிங்கைக் குழியில் வைத்து, அதன் நுனியில் ஒரு பொட்டு கிரீஸ் தடவி, அதன் மேல் குண்டை வையுங்கள். கிரீஸ் பிடித்துக்கொள்வதால் தகட்டை மூடும்வரை குண்டு நகராது. மூடியதும் நாப்பை மூன்று நிலைக்கும் தள்ளிப் பாருங்கள். மூன்றிலும் ஒரே அழுத்தமான 'டக்' வர வேண்டும். நடுவில் அமுக்கி அணைக்கும் வகையென்றால், இரு பக்கத்திலிருந்தும் அமுக்கியதும் நாப் நடுவுக்கு ஓடி வர வேண்டும்.

மூடி கொஞ்சம் தளர்வாக இருக்கிறதென்று சூப்பர் குளூவைத் தேடாதீர்கள். அது நீர் போல உள்ளே ஓடி நகரும் பாகத்தை இறுக்கிவிடும், அதன் ஆவி சுற்றிலும் வெள்ளையாகப் படியும். போதாக்குறைக்கு, இந்தப் பாகங்களில் பயன்படும் அசிட்டால் போன்ற பிளாஸ்டிக்குகளில் அது சரியாக ஒட்டவும் ஒட்டாது. தண்டில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் துண்டு ஒன்றை வைத்து மூடியை அழுத்தினால் பிடிப்பு கிடைக்கும்.

படி 6: மூடுமுன் மீட்டர் சோதனை

ஹவுசிங்கை மூடிய பிறகு கோளாறு தெரிந்தால் எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டும். அதனால் இப்போதே சுவிட்சின் கப்ளரைப் பிரித்து, மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, சர்க்யூட் படத்தில் உள்ளபடி ஒவ்வொரு நிலையிலும் வயர்களைச் சோதியுங்கள். சுவிட்ச் போட்டதும் ஒரு ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும், எடுத்ததும் இணைப்பு அற்றுப்போக வேண்டும். நாப்பை அசைக்கும்போது எண் துள்ளினால் தொடுமுனையை மறுபடி சுத்தம் செய்யுங்கள்.

கில் சுவிட்சில் குழப்பம் வரலாம். சில வண்டிகளில் 'ரன்' நிலையில் இணைப்பு இருக்கும், இன்னும் சிலவற்றில் 'ஆஃப்' நிலையில்தான் இணைப்பு ஏற்பட்டு இக்னிஷனை ஃபிரேமோடு எர்த் செய்து என்ஜினை நிறுத்தும். சர்க்யூட் படத்தைப் பார்க்காமல் சுவிட்ச் தலைகீழாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

படி 7: ஹவுசிங்கைச் சேர்த்து இறுக்குதல்

முளை துளைக்குள் உட்கார்ந்ததை உறுதி செய்த பிறகே இரு பாதிகளையும் சேருங்கள். விரலால் அழுத்தும்போதே இடைவெளி இல்லாமல் சேர வேண்டும். சேரவில்லை என்றால் நடுவே வயர் சிக்கியிருக்கிறது அல்லது முளை வெளியே நிற்கிறது. ஸ்க்ரூவை இறுக்கி இடைவெளியை மூடப் பார்த்தால் வயரின் தோல் நசுங்கும். அந்த ஷார்ட் சர்க்யூட் என்றைக்கோ ஒரு நாள் மழையில் ஃபியூஸைக் கொண்டுபோகும்.

ஸ்க்ரூவைப் போடும்போது முதலில் இடப்பக்கமாக, அதாவது கழற்றும் திசையில், மெதுவாகச் சுற்றுங்கள். பழைய மரையில் விழும்போது ஒரு சின்னத் தட்டு தெரியும். அங்கிருந்து வலப்பக்கம் திருப்புங்கள். இப்படிச் செய்தால் புது மரை வெட்டிக் கெடுக்காது. இரண்டையும் மாறி மாறி, டிரைவரை மூன்று விரல்களால் பிடித்து, நின்றதும் இன்னும் கொஞ்சம் மட்டும். அவ்வளவுதான்.

இடம் வேண்டும் என்று பிரேக் மாஸ்டர் சிலிண்டரைத் தளர்த்தியிருந்தால், கவ்வியில் உள்ள மேல்நோக்கிய அம்புக்குறியைப் பார்த்துப் போட்டு, தயாரிப்பாளர் கையேட்டில் சொன்ன முறுக்கு அளவில் இறுக்குங்கள். அம்புக்குறி உள்ள கவ்விகளில் மேல் போல்ட்டை முதலில் இறுக்குவதே வழக்கம்.

படி 8: ஓட்டுமுன் சோதனை

பேட்டரியை மாட்டுங்கள், நெகட்டிவ் கடைசியில். என்ஜினை ஸ்டார்ட் செய்யாமலே ஆக்ஸிலரேட்டரை முழுக்க முறுக்கி விடுங்கள். ஹேண்டிலை இடக்கோடி, நடு, வலக்கோடி என மூன்று இடத்திலும் வைத்துச் செய்யுங்கள். மூன்றிலும் கிரிப் தானாகப் படாரென்று திரும்ப வேண்டும். சோம்பலாகத் திரும்பினால் கேபிள் சரியாக உட்காரவில்லை, அல்லது ஹவுசிங் கிரிப்பை அழுத்துகிறது. இது சரியாகும்வரை வண்டியை எடுக்கவே கூடாது.

அப்புறம் விளக்கு, டிப்பர், பாஸ் லைட், இரு பக்க இண்டிகேட்டர், ஹாரன், பிரேக் விளக்கு. ஹாரனை அமுக்கி விட்டதும் உடனே நிற்கிறதா? செல்ஃப் பட்டன் அமுக்கி விட்டதும் எழுந்து வருகிறதா? அது உள்ளேயே நின்றால் ஸ்டார்ட்டர் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். என்ஜினை ஓடவிட்டு, ஹேண்டிலை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திருப்புங்கள். ஐடிலிங் ஏறவோ என்ஜின் அணையவோ கூடாது. ஏறினால் கேபிள் இழுபடுகிறது, அணைந்தால் வயர் இழுபடுகிறது. கடைசியாக கில் சுவிட்சால் என்ஜினை நிறுத்துங்கள்.

இவ்வளவும் வெறும் கையால் முடிந்ததும், நீங்கள் வழக்கமாகப் போடும் கையுறையோடு கண்ணை மூடி உட்கார்ந்து ஒவ்வொரு சுவிட்சையும் தேடிப் பாருங்கள். விரல் தடுமாறும் மூடி எதுவோ அதை மாற்றுவது பற்றி யோசியுங்கள்.

முதல் சில நாள் ஓட்டிய பிறகு ஹவுசிங் ஸ்க்ரூக்களை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். அதிர்வில் அவை சிறிது தளர்வது உண்டு. கழற்றிய பழைய மூடி உடைந்ததாக இருந்தாலும் அளவெடுத்த குறிப்போடு ஒரு உறையில் போட்டு வையுங்கள். அடுத்த முறை மூடி தேடும்போது கையில் அளவு தயாராக இருக்கும்.